போர்ட் அடிக்க முதல் டொமைன்: வன்னியில பிராண்ட் தொடங்குற ஆக்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில கரடிப்போக்குப் பக்கம் நான் ஒரு சின்னக் கடை வைச்சிருக்கிறன், பனர் அடிக்கிறது, லேபல் டிசைன், வெப்சைட் வேலை எல்லாம் செய்யுறது. வாற ஆக்களில பாதிப்பேர் ஒழுங்கு மாறித்தான் வருவினம். முதல்ல கடைக்கு போர்ட், பிறகு பை, பிறகு பேஸ்புக் பேஜ், எல்லாம் முடிஞ்சு ஒரு வருசத்தால "தம்பி, எங்கட பெயரில ஒரு டொட் கொம் எடுத்துத் தாரும்" எண்டு வந்து நிப்பினம். அந்த நேரம் அந்தப் பெயர் வேற ஆரிட்டயோ இருக்கும்.

ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து தேன் விக்கிற அக்கா ஒராள் வந்தவ. 1000 லேபல் வேற இடத்தில அடிச்சாச்சு, லேபலின்ர அடியில வெப் முகவரியும் வடிவா அச்சடிச்சிருக்கு, ஆனா அந்த முகவரியை ஆரும் வாங்கேல்ல. பெயருக்குப் பின்னால டொட் கொம் எண்டு போட்டால் அது தானா வந்திடும் எண்டு நினைச்சிருக்கிறா. நான் தேடிப் பாத்தால் அது ஏற்கனவே வேற நாட்டில ஆரோ எடுத்து வைச்சிருக்கிற பெயர். அக்காவின்ர கதையைக் கடைசியில சொல்லுறன்.

டொமைன் எண்டது இன்டர்நெட்டில உங்கட பெயருக்கான முகவரி, டொட் கொம் மாதிரி முடியிறது. அதை வாங்கிறது பத்து நிமிச வேலை. எதை எதுக்கு முதல் செய்யுறது எண்டதிலதான் சனம் விழுறது, அதால இதை ஒழுங்கு மாறாமல் வாசியுங்கோ.

1. தொடங்க முதல் கையில இருக்க வேண்டிய சாமான்

பிஸ்னஸுக்கெண்டே ஒரு புது ஈமெயில் திறவுங்கோ. மகன்ர ஈமெயில் வேண்டாம், வெப்சைட் செய்யிற தம்பின்ர ஈமெயில் வேண்டவே வேண்டாம். அதோட, நீங்கள் வாங்கப்போற அதே டொமைனில இருக்கிற ஈமெயிலும் வேண்டாம், ஏனெண்டால் டொமைன் நிண்டு போனால் அந்த ஈமெயிலும் நிண்டு போகும், "உங்கட டொமைன் முடியப்போகுது" எண்டு வாற அறிவித்தல் வந்து சேர இடமே இருக்காது. வீட்டுத் திறப்பை வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டின மாதிரி. சாதாரண ஜிமெயில் காணும்.

அந்த ஈமெயிலுக்குக் குடுக்கிற போன் நம்பர் உங்கட ஐடென்டிட்டி கார்டில எடுத்த சிம்மா இருக்க வேணும். எங்கட பக்கம் ஆற்றயோ பெயரில எடுத்த சிம்மோட ஓடித்திரியிற ஆக்கள் கனபேர். சிம் துலைஞ்சால் திருப்பி எடுக்கப் பெயர்க்காரர்தான் போக வேணும், பெயர்க்காரர் இப்ப பிரான்ஸில.

காசு கட்ட வீசா அல்லது மாஸ்டர்கார்ட் டெபிட் கார்ட் ஒண்டு. வெளிநாட்டு ஒன்லைன் பேமென்டுக்கு அது திறந்திருக்கோ எண்டு முதலே பாங்கில கேட்டு வையுங்கோ, இல்லாட்டி பெயரையெல்லாம் தெரிஞ்செடுத்துப் போட்டு கடைசிப் பக்கத்தில கார்ட் விழாமல் முழிக்க வேண்டி வரும்.

பிறகு ஒரு கொப்பி. சிரிக்காதேங்கோ. எந்தக் கொம்பனியில வாங்கினது, எந்த ஈமெயில், எந்த நம்பர், எண்டைக்கு முடியுது, எல்லாம் அதில எழுதி வியாபாரப் பதிவுக் கொப்பியோட ஒரே பைலில வையுங்கோ. பாஸ்வேர்டை மட்டும் அதில எழுதாதேங்கோ.

2. பெயரைப் போனில சொல்லிப் பாருங்கோ

தமிழ்ப் பெயர் வைச்சால் அதை இங்கிலீஷ் எழுத்தில எழுத வேண்டி வரும், அங்கதான் பிரச்சினை தொடங்குது. எங்கட வன்னியையே பாருங்கோ, ஒராள் "வி"யில தொடங்குவார், இன்னொராள் "டபிள்யூ"வில தொடங்குவார், ரெண்டும் பேப்பரிலயும் போர்டிலயும் இருக்கு. முல்லைத்தீவை "டி எச்" போட்டு எழுதிறவையும் இருக்கினம், வெறும் "டி" போடுறவையும் இருக்கினம். உங்கட பெயரில இப்பிடி ரெண்டு இடம் இருந்தால் எழுதக்கூடிய விதம் நாலு, மூண்டு இடம் இருந்தால் எட்டு.

தேனை எடுங்கோ. "டி எச் ஈ என்" எண்டு எழுதினால் அது இங்கிலீஷில வேற ஒரு சொல், "பிறகு" எண்டு கருத்து. கனடாவில பிறந்த பிள்ளை அதைப் பாத்தால் தேன் எண்டு வாசிக்காது. இன்னொரு "ஈ" போட்டு எழுதினால் "தீன்" எண்டு வாசிக்கும். எங்கட வாங்கிற ஆக்களில கனபேர் வெளியில இருக்கிற சொந்தக்காரரும் அவையின்ர பிள்ளையளும்தான், அதால இது பகிடி இல்லை.

செய்யிற விதம் இதுதான். மூண்டு பேருக்குக் கோல் எடுங்கோ, ஒராள் உள்ளூர், ஒராள் கொழும்பு, ஒராள் வெளிநாடு. பெயரை ஒருக்கா மட்டும் சொல்லுங்கோ, எழுத்துக்கூட்டிச் சொல்லாதேங்கோ, "கேட்டதை வட்ஸ்அப்பில டைப் பண்ணி அனுப்புங்கோ" எண்டு கேளுங்கோ. மூண்டும் ஒரே மாதிரி வந்தால் நல்ல பெயர். மூண்டும் மூண்டு மாதிரி வந்தால் பெயரை மாத்துங்கோ, இல்லாட்டி அந்த மூண்டையும் வாங்கக் காசு ஒதுக்குங்கோ. வந்த எழுத்துக்களை கொப்பியில எழுதி வையுங்கோ, 7ஆவது படியில தேவைப்படும்.

பெயருக்கு நடுவில கோடு போடுறதையும் இலக்கம் போடுறதையும் தவிருங்கோ. கோட்டைப் போனில சொல்ல ஏலாது, "4" எண்டு சொன்னால் இலக்கமோ சொல்லோ எண்டு கேப்பினம். விதிப்படி ஒரு பெயர் 63 எழுத்து வரைக்கும் போகலாம், ஆனா 15ஐத் தாண்டினால் லேபலில வாசிக்கிற அளவுக்கு அடிக்க ஏலாது, இது அச்சடிக்கிறவன் சொல்லுறது.

ஊர்ப் பெயரும் சாமான்ர பெயரும் மட்டும் சேந்த பெயர் இன்னொரு சிக்கல். "முறிகண்டி கச்சான்" எண்டு வைச்சால் ஏ9 ரோட்டால போய் வாற எல்லாருக்கும் உடன விளங்கும், உண்மைதான், ஆனா முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில கச்சான் விக்கிற எல்லாருக்கும் அந்தப் பெயரில உரிமை இருக்கு, நாளைக்கு ஆரும் அதே பெயரில விக்கேக்க நீங்கள் நிப்பாட்ட ஏலாது. ஊரை விடாதேங்கோ, ஆனா உங்களுக்கெண்டே ஒரு சொல் சேருங்கோ, அம்மம்மான்ர பெயரோ, வளவில நிக்கிற மரத்தின்ர பெயரோ ஏதாவது.

3. தேடுற ஒழுங்கு

கனபேர் முதல் தேடுறது டொமைனைத்தான். என்னட்டக் கேட்டால் அது கடைசி, ஏனெண்டால் டொமைன் கிடைக்குது எண்டு கண்டால் அதே இருப்பில வாங்கிப் போட வேணும், மற்றதெல்லாம் பாத்து முடிஞ்சிருந்தால்தான் அது ஏலும்.

முதல் கூகுளிலயும் பேஸ்புக்கிலயும் இன்ஸ்டகிராமிலயும் பெயரைத் தமிழிலயும் இங்கிலீஷிலயும் தேடுங்கோ. பிறகு வர்த்தகக் குறி, அதுதான் ட்ரேட்மார்க். இலங்கையில இது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குக் கீழ வருது, பதியிறது கொழும்பில இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகம். மொத்தம் 45 வகுப்பு இருக்கு, தேனும் அரிசியும் 30ஆம் வகுப்பு, கருவாடு 29, சாப்பாட்டுக் கடை 43. உங்கட வகுப்பில அதே பெயரோ கிட்டத்தட்ட அதே மாதிரிப் பெயரோ ஆரும் வைச்சிருந்தால் அந்தப் பெயரை விடுங்கோ, டொமைன் கிடைச்சாலும் விடுங்கோ. பிறகு அவர் வழக்கு எண்டு வந்தால் டொமைனும் போகும் போர்டும் போகும்.

இதில ஒரு பெரிய குழப்பம் இருக்கு. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதிஞ்சிட்டம், ஆனபடியால் பெயர் எங்கட எண்டு சொல்லுவினம். அது வியாபாரம் செய்யிறதுக்கான பதிவு. ட்ரேட்மார்க் வேற, டொமைன் வேற, மூண்டும் மூண்டு கந்தோர், ஒண்டு இருந்தால் மற்றது தானா வராது.

கடைசியா டொமைன். ஐகேன் எண்டது உலக அளவில டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கிற அமைப்பு, அதின்ர லுக்அப் பக்கத்தில போட்டுப் பாத்தால் ஆரும் எடுத்திருக்கினமோ, எண்டைக்கு எடுத்தது, எண்டைக்கு முடியுது எண்டு காட்டும். பழைய ஆக்கள் இதை ஹூயிஸ் எண்டு சொல்லுவினம், 2025 ஜனவரி 28க்குப் பிறகு டொட் கொம் போன்றவைக்கு ஆர்டாப் எண்ட புது முறைதான். இலங்கைக்குரிய டொட் எல்கே எண்டால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரின்ர பக்கத்தில தேடுங்கோ. பெயர் காலியா இருந்தாலும், பழைய வெப்சைட்டுகளைச் சேமிச்சு வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவில ஒருக்கா போட்டுப் பாருங்கோ, முந்தி அந்த முகவரியில சூதாட்ட சைட்டோ வேற ஏதும் கூடாததோ ஓடியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் உங்களிட்ட வந்து சேரும், ஈமெயில் ஸ்பாமுக்கும் போகும்.

4. ஆற்ற பெயரில வாங்கிறது

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போறது, இதிலதான் எல்லாரும் அழுறதும்.

டொமைன் உறுதிக்காணி மாதிரி இல்லை, குத்தகைக் காணி மாதிரி. வருசா வருசம் காசு கட்டினால் உங்களுக்கு, கட்டாட்டில் இல்லை. குத்தகைக் கடதாசியில ஆற்ற பெயர் இருக்கோ அவருக்குத்தான் கதைக்க உரிமை. ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைச்சு ஓட விடுற இடம், வேற சாமான், அது அந்தக் காணியில கட்டின கொட்டில், இண்டைக்குப் பிரிச்சு நாளைக்கு வேற கட்டலாம். கொட்டில் கட்டுற மேசன்ர பெயரில ஆரும் காணி எழுதுவினமோ? ஆனா டொமைனில அதைத்தான் செய்யினம்.

பரந்தன் பக்கம் ஒரு அண்ணை, இரும்புக் கடை. வெப்சைட் செய்த பெடியன் தன்ர அக்கவுண்டில, தன்ர ஈமெயிலில டொமைனை வாங்கிக் குடுத்தவன். பெடியன் கள்ளன் இல்லை, நல்ல பெடியன், சும்மா வசதிக்கு அப்பிடிச் செய்தது. ரெண்டு வருசத்தால பெடியன் வெளியில போட்டான், நம்பர் மாறிப்போச்சு, அறிவித்தல் எல்லாம் அவன் பாக்காத ஈமெயிலுக்குப் போச்சுது, ஒருநாள் காலமை சைட் இல்லை, கொட்டேஷன் அனுப்புற ஈமெயிலும் இல்லை. அண்ணை என்னட்ட பில் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டுறார், "காசு நான்தான் குடுத்தது, இஞ்ச பாரும் ரசீது". காசு குடுத்த ரசீதை வைச்சுக் கொம்பனிக்காரன் கதவு திறக்க மாட்டான், அக்கவுண்டின்ர ஈமெயிலைத்தான் கேப்பான்.

அதால அக்கவுண்டை நீங்களே உங்கட 1ஆம் படி ஈமெயிலில திறவுங்கோ. ரெஜிஸ்ட்ரன்ட் (டொமைன் ஆற்ற பெயரில இருக்கோ அவர்) எண்டு கேக்கிற இடத்தில உங்கட பெயர், கொம்பனியாப் பதிஞ்சிருந்தால் கொம்பனிப் பெயர், பதிவில இருக்கிற அதே எழுத்தில. டெக்னிக்கல் கொன்டாக்ட் எண்ட இடத்தில மட்டும் வேணுமெண்டால் வெப்சைட் தம்பின்ர பெயர் போகலாம். பொய் விலாசம் போடாதேங்கோ, பிரச்சினை வரேக்க அடையாளம் கேட்டால் காட்ட ஏலாமல் போகும்.

கூட்டு வியாபாரம் எண்டால் ஆற்ற பெயரில எண்டதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வையுங்கோ. மச்சானும் மச்சானும் எண்டாலும்.

5. டொட் எல்கேயா, டொட் கொம்மா, டொட் இலங்கையா

காசு இருந்தால் எல்கேயும் கொம்மும் ரெண்டும். ஒண்டுதான் ஏலுமெண்டால், உள்ளூரில மட்டும் விக்கிறவை எல்கே, வெளிநாட்டுக்கு அனுப்பிறவை கொம்.

கொம்மில எல்லாரும் பழகிப்போச்சினம், கேக்காமலே அதைத்தான் டைப் பண்ணுவினம். டொட் கொம்மை நடத்துற கொம்பனி விக்கிறவைக்குப் போட்ட மொத்த விலை 2024 செப்டெம்பரில வருசத்துக்கு 10.26 டொலரா இருந்தது, ஆனபடியால் ஆரும் 2 டொலருக்குத் தாறன் எண்டால் அது முதல் வருசத்துக்குத்தான், ரெண்டாம் வருசம் சேத்து வாங்குவான். எல்கே பெரும்பாலும் அதைவிட விலை கூட, ஆனா பிரச்சினை எண்டால் கொழும்புக்குக் கோல் எடுத்துக் கதைக்கலாம். அதில வகைகள் இருக்கு, பெயருக்கு நேர எல்கே வாறதும் இருக்கு, நடுவில கொம் வந்து கொம் டொட் எல்கே எண்டு முடியிறதும் இருக்கு, எதுக்குக் காசு கட்டுறீங்கள் எண்டு பாத்துக் கட்டுங்கோ.

ரெண்டும் வைச்சிருக்கிறதில இன்னொரு நன்மை, ஒரு பக்கம் விழுந்தால் மற்றப் பக்கம் நிக்கும். 2021 பெப்ரவரி 6 அண்டு கூகுள் டொட் எல்கே உட்பட சில எல்கே முகவரிகள் வேற பக்கத்துக்குத் திரும்பின, எங்கட கையில இல்லாத இடத்தில நடந்தது.

தமிழிலயே டொட் இலங்கை எண்டு முடியிற முகவரியும் எடுக்கலாம். வடிவா இருக்கும், போர்டில போடலாம், எனக்கு விருப்பம். ஆனா அதை முதல் முகவரியா வைக்காதேங்கோ, கனடாவில இருக்கிற பிள்ளைக்குத் தமிழ் கீபோர்ட் இல்லை, சில இடத்தில கொப்பி பண்ணிப் போட்டால் "எக்ஸ் என்" எண்டு தொடங்கி விளங்காத எழுத்தா மாறும், கனக்க போர்ம்கள் அந்த ஈமெயிலை ஏற்காது. ரெண்டாவது முகவரியா வைச்சு முதலாவதுக்குத் திருப்பி விடுங்கோ.

தமிழ் எழுத்தில ஒரு பொறி இருக்கு. "கௌரி ஸ்ரோர்ஸ்" எண்டதை ஔகாரக் குறி போட்டும் டைப் பண்ணலாம், ஒற்றைக் கொம்பு போட்டுப் பின்னால ளகரம் போட்டும் டைப் பண்ணலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, கொம்பியூட்டருக்கு ரெண்டு வேற பெயர். கடைப் பெயர்களில வாற "ஸ்ரீ"க்கும் ரெண்டு விதமான எழுத்துக்கோர்வை இருக்கு. தமிழ் முகவரி எடுக்கிறவை சரியான எழுத்தில எடுத்தமோ எண்டு ஒவ்வொரு எழுத்தா அழிச்சுப் பாருங்கோ, ஒரு பாக்ஸ்பேஸுக்கு எது போகுது எண்டு பாத்தால் விளங்கும்.

சும்மா தாற டொமைனுக்குப் போகாதேங்கோ. டொட் டிகே எண்டு முந்தி எல்லாரும் ஓசியில எடுத்தவை, அதை விநியோகிச்ச கொம்பனி 2023இல புதுப் பதிவை நிப்பாட்டி, 2024இல அந்தத் தொழிலையே விட்டுட்டுது. ரெண்டெழுத்தில முடியிறது எல்லாம் ஏதோ ஒரு நாட்டின்ர, இல்லாட்டி ஒரு ஆட்சிப் பகுதியின்ர குறி எண்டதையும் மனசில வையுங்கோ, விதியை அங்கதான் எழுதுவினம்.

6. வாங்கிற நாளும் அண்டைக்கே போட வேண்டிய பூட்டும்

பெயரைத் தேடி சைட்டில இருக்கிற கூடையில (ஷொப்பிங் கார்ட்) போட்டு வைச்சிட்டு "நாளைக்குப் பாப்பம்" எண்டு போகாதேங்கோ. கூடையில இருந்தால் அது உங்கட இல்லை. காசு கட்டினால்தான்.

காசு கட்டுற பக்கத்தில ஏழெட்டு மேலதிக சாமான் டிக் போட்டு வைச்சிருப்பான், எல்லாத்தையும் எடுத்து விடுங்கோ. பிரைவசி (உங்கட விபரத்தை வெளியில காட்டாமல் மறைக்கிறது) மட்டும் சும்மா குடுத்தால் வைச்சிருங்கோ, இல்லாட்டி உங்கட போன் நம்பர் எங்கயோ போய் லோகோ செய்து தாறம் எண்டு கோல் வந்தபடி இருக்கும். புதுப்பிக்கிற விலையைப் பாத்துக் கொப்பியில எழுதுங்கோ, அதுதான் உண்மையான விலை.

வாங்கின உடன ஒரு ஈமெயில் வரும், லிங்கை அமத்தி உறுதிப்படுத்தச் சொல்லி. 15 நாளுக்குள்ள அமத்தாட்டில் டொட் கொம் மாதிரியான டொமைனை இடைநிறுத்துவினம். புது ஆக்களின்ர சைட் ரெண்டு கிழமையால திடீரெண்டு நிக்கிறதுக்கு அரைவாசிக் காரணம் இதுதான், ஸ்பாமுக்குள்ள கிடக்கும், பாருங்கோ.

பிறகு எழும்பாமல் இருந்து இவ்வளவையும் செய்யுங்கோ. அக்கவுண்டுக்கும் ஈமெயிலுக்கும் டூ ஃபக்டர் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கிற பூட்டு) போடுங்கோ, எஸ்எம்எஸ்ஸை விட போனில இருக்கிற ஒதென்டிகேற்றர் அப் நல்லது, சிம் மாறினாலும் நிக்கும். அது தாற பாக்அப் கோட்களைக் கடதாசியில எழுதி, கொப்பி இருக்கிற பைலில இல்லாமல் வேற இடத்தில வையுங்கோ, போன் குளத்துக்குள்ள விழுந்தால் அதுதான் கைகுடுக்கும். இரணைமடுவில குளிக்கப் போய் போனை விட்ட ஆக்களை எனக்குத் தெரியும். ட்ரான்ஸ்ஃபர் லொக் பூட்டியிருக்கோ எண்டு பாருங்கோ, அது பூட்டியிருந்தால் டொமைனை வேற கொம்பனிக்கு இழுத்துக்கொண்டு போக ஏலாது. ஓட்டோ ரினியூவைப் (தானாப் புதுப்பிக்கிறது) போட்டு விடுங்கோ.

ஒத் கோட் எண்டு ஒண்டு இருக்கு, டொமைனை இடம் மாத்துறதுக்கான சாவி. அதை ஆரும் கேட்டால், வெப்சைட் தம்பி கேட்டாலும், ஏன் எண்டு கேளுங்கோ. சைட் செய்ய அது தேவையில்லை. அவருக்குத் தேவை நேம்சேர்வரையோ டிஎன்எஸ்ஸில (டொமைனுக்கு வாறவையையும் ஈமெயிலையும் எங்க அனுப்பிறது எண்டு சொல்லுற பட்டியல்) ஒரு வரியையோ மாத்துறதுதான், அதை அவர் அனுப்ப நீங்கள் போடலாம், இல்லாட்டி உங்களுக்குப் பக்கத்தில இருந்து அவர் போடட்டும்.

உங்கட டொமைனில ஈமெயில் ஓடுமெண்டால் ஈமெயில் உண்மையா உங்களிட்ட இருந்துதான் வருது எண்டு காட்டுற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எண்ட மூண்டு வரியையும் டிஎன்எஸ்ஸில போடச் சொல்லுங்கோ. இல்லாட்டி ஆரும் உங்கட பெயரில இன்வொய்ஸ் அனுப்பி "பாங்க் நம்பர் மாறிப்போச்சு, இதுக்குப் போடுங்கோ" எண்டு உங்கட கஸ்டமரிட்டக் காசு வாங்கலாம்.

7. சுத்திவர வேலி, ஆனா அளவா

2ஆம் படியில கொப்பியில எழுதின பிழை எழுத்துக்களை எடுங்கோ. அதில கூடப் பேர் எழுதின ஒண்டோ ரெண்டோ மட்டும் வாங்கி முதன்மை முகவரிக்குத் திருப்பி விடுங்கோ. உங்களுக்கு அது "வி"யும் "டபிள்யூ"வும் ஆக இருக்கலாம்.

வேலி எண்டு தொடங்கினால் சிலர் வெறி பிடிச்ச மாதிரி 12 டொமைன் வாங்குவினம், நெட், ஓர்க், ஷொப், ஸ்டோர் எல்லாம். 2 ஏக்கர் வயலுக்கு 10 ஏக்கர் முட்கம்பி. மூண்டாம் வருசம் புதுப்பிக்கிற காசைக் கண்டு எல்லாத்தையும் விடுவினம், விடேக்க முக்கியமானதும் சேந்து போகும். சின்ன வியாபாரத்துக்கு மூண்டு, கூடினால் நாலு காணும். பாவிக்காமல் வைச்சிருக்கிற டொமைனில "இதில இருந்து ஈமெயில் போகாது" எண்டு எஸ்பிஎஃப் வரி ஒண்டு போட்டு வையுங்கோ.

பேஸ்புக், இன்ஸ்டகிராம், யூடியூப், டிக்டொக் பெயர்களையும் அண்டைக்கே அதே எழுத்தில எடுத்து வையுங்கோ, பாவிக்காட்டிலும். அதுக்குக் காசு இல்லை.

ட்ரேட்மார்க் வேலியின்ர கட்டை மாதிரி. வியாபாரம் ஓடத் தொடங்கினால் விண்ணப்பியுங்கோ, 10 வருசத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஏன் தேவை எண்டது 9ஆம் படியில விளங்கும்.

8. புதுப்பிக்கிறது

ஓட்டோ ரினியூ போட்டிருக்கு எண்டு நித்திரை கொள்ளாதேங்கோ. கார்ட் காலாவதியாகும், புதுக் கார்ட் நம்பரைப் போட மறப்பீங்கள், கணக்கில காசு இருக்காது. 1999 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மைக்ரோசொஃப்டே பாஸ்போர்ட் டொட் கொம்முக்குக் காசு கட்ட மறந்து ஹொட்மெயில் உள்ளிட முடியாமல் கிடந்தது, வெளியில இருந்த ஒராள் தன்ர கார்டில 35 டொலர் கட்டி விட்டவர். எங்களுக்கு அப்பிடிக் கட்டி விட ஆரும் வராயினம்.

டொட் கொம் மாதிரியானதுக்கு விக்கிற கொம்பனி முடியிறதுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முதலும் ஒரு கிழமை முதலும் அறிவிக்க வேணும், முடிஞ்சு 5 நாளுக்குள்ளயும் ஒருக்கா. முடிஞ்ச பிறகு கொம்பனியைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதாரண விலையில மீட்க விடலாம், விடாமலும் இருக்கலாம். அதுக்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்ப தண்டமும் சேத்துக் கட்ட வேணும். அதுக்குப் பிறகு 5 நாள், ஒண்டும் செய்ய ஏலாது. பிறகு ஆரும் எடுக்கலாம், அந்த நொடிக்காக மெஷின் போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் இருக்கினம். எல்கேக்கு இந்தக் கணக்கு இல்லை, அவையின்ர விதியைத் தனியாப் பாருங்கோ.

நான் சொல்லுறது, முடியிற திகதியைப் போன் கலண்டரில மட்டும் போடாதேங்கோ, கடைச் சுவரில கொழுவியிருக்கிற கலண்டரிலயும் ஒரு மாசம் முதல் சிவப்பால வட்டம் போடுங்கோ. ஏலுமெண்டால் மூண்டு, அஞ்சு வருசத்துக்கு ஒண்டாக் கட்டுங்கோ, டொட் கொம்முக்குக் கூடினது 10 வருசம்.

டொமைன் வாங்கி ஆறு மாசத்தால ரெண்டு விதமான ஈமெயில் வரும். ஒண்டு, "உங்கட டொமைன் முடியப்போகுது, உடன கட்டுங்கோ" எண்டு நீங்கள் வாங்காத கொம்பனியில இருந்து. மற்றது சீனாவில இருந்து, "உங்கட பிராண்ட் பெயரில இஞ்ச ஒரு கொம்பனி டொமைன் பதியக் கேக்குது, உங்களுக்கு வேணுமெண்டால் முதல் உரிமை தாறம்" எண்டு. ரெண்டும் பொய், உலகம் முழுக்கப் போற ஈமெயில். கொப்பியை எடுத்து எந்தக் கொம்பனி எண்டு பாருங்கோ, லிங்கை அமத்தாமல் நீங்களே முகவரியை டைப் பண்ணி உள்ளிட்டுப் பாருங்கோ.

9. பெயர் கையை விட்டுப் போனால்

அக்கவுண்டுக்குள்ள ஆரும் புகுந்தது எண்டால் முதல் வேலை ஈமெயிலைப் பூட்டுறது, பிறகுதான் டொமைன் கொம்பனிக்குக் கோல். மாறிச் செய்தால் பாஸ்வேர்ட் மாத்துறதுக்கு வாற லிங்க் அவனுக்கும் ஈமெயிலில போகும். டொட் கொம் ஒருக்கா வேற கொம்பனிக்கு மாறினால் பெரும்பாலும் கொஞ்ச நாளைக்குத் திரும்ப மாத்த ஏலாமல் பூட்டு விழும், இது உங்களுக்குச் சாதகமும்தான், களவெடுத்தவன் உடன அடுத்த இடத்துக்குக் கொண்டு ஓட ஏலாது, ஆனபடியால் கெதியா முறையிடுங்கோ.

ஆரோ உங்கட பெயரில வேணுமெண்டு எடுத்து வைச்சிருக்கினம் எண்டால், டொட் கொம்முக்கு 1999இல இருந்து யூடிஆர்பி எண்ட, கோட்டுக்குப் போகாமல் டொமைன் பிணக்குத் தீர்க்கிற முறை இருக்கு. மூண்டு விசயம் காட்ட வேணும்: ஒண்டு, உங்களுக்கு ட்ரேட்மார்க் உரிமை இருக்கு, டொமைன் அதோட குழம்பிற மாதிரி இருக்கு; ரெண்டு, எடுத்தவருக்கு அந்தப் பெயரில நியாயமான தொடர்பு இல்லை; மூண்டு, கெட்ட எண்ணத்தோட எடுத்துக் கெட்ட எண்ணத்தோட பாவிக்கிறார். வைபோவில (உலகப் புலமைச் சொத்து நிறுவனம்) ஒரு நடுவரோட போடக் கட்டணம் 1500 டொலர், வெண்டாலும் டொமைன்தான் கிடைக்கும், நட்டஈடு இல்லை. ட்ரேட்மார்க் இல்லாமல் இந்த வாசல்படி ஏறுறது கஸ்டம். உங்களுக்கு முதலே ஒராள் எடுத்து வைச்சு விக்கிறார் எண்டால் அது களவு இல்லை, விலை பேசலாம், ஆனா உங்கட கடைப் பெயரில இருந்து விலை கேக்காதேங்கோ, கூடும்.

அந்த இரும்புக் கடை அண்ணையின்ர கதையில பெடியனை இன்னொராள் மூலம் பிடிச்சு, மீட்புக் காலத்தில தண்டமும் கட்டி எடுத்தது. கட்டினது அவன்தான், லண்டனில இருந்து. பிறகு அக்கவுண்ட் மாத்தேக்க அண்ணை என்ர கடையில ரெண்டு மணித்தியாலம் இருந்தவர்.

10. பெயரை மாத்தினாலும் பழசை விடாதேங்கோ

இதை ஆரும் சொல்லித் தாறேல்ல. பழைய டொமைனை விட்டால் வேற ஆரும் அதை எடுக்கலாம், எடுத்தவர் உங்கட பழைய ஈமெயில் முகவரியைத் திரும்பத் திறக்கலாம், அந்த ஈமெயிலால நீங்கள் திறந்த பேஸ்புக், பாங்க் போர்ம் எல்லாத்துக்கும் "பாஸ்வேர்ட் மறந்து போச்சு" எண்டு அமத்தி உள்ளிடலாம். அதால முதல் எல்லா அக்கவுண்டிலயும் ஈமெயிலை மாத்துங்கோ, பிறகும் சில வருசத்துக்குக் காசு கட்டி வைச்சிருங்கோ.

கியூஆர் கோட் அடிக்கிறவையும் கவனிக்க வேணும். சும்மா கியூஆர் செய்து தாற சைட்டுகளில சிலது தங்கட லிங்கை நடுவில வைச்சுத்தான் செய்யும், பிறகு அவன் காசு கேட்டால் போத்தலில ஒட்டினதெல்லாம் வேலை செய்யாது. நேர உங்கட டொமைன் முகவரியைப் போட்டுச் செய்யச் சொல்லுங்கோ.

தேன் அக்கா டொட் எல்கே எடுத்தவ, பெயருக்கு முன்னால தன்ர ஊரின்ர பெயரையும் சேத்து. 1000 லேபலையும் எறிய மனமில்லை. பழைய முகவரி இருந்த இடத்தில ஒட்ட ஒரு விரல் அகலத்தில சின்ன ஸ்டிக்கர் அடிச்சுக் குடுத்தனான், பிள்ளையளும் அவவுமா இருந்து ஒட்டினவை. காசு கட்டி, ரசீது வந்து, சைட் போனில திறக்குது எண்டு கண்ட பிறகுதான் அந்த ஸ்டிக்கரை அச்சுக்கு விட்டனான்.